கிளை நூலகத்தின் பெயரையும் அமைப்பையும் மாற்றப் போகிறார்களா? ஆட்சேபிக்கும் முறை, படிப்படியாக

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் கிளை நூலகத்துக்குப் போய்வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் பேட்டை நூலக வாசலில் ஒருநாள் புதுப் பெயர்ப்பலகையின் மாதிரிப் படம் ஒட்டியிருந்தது. அந்தப் பெயரில் ‘நூலகம்’ என்ற சொல்லே இல்லை. ஏறக்குறைய ஓராண்டு அந்த விஷயமாக அலைந்தேன். அப்புறம் வேறு இரண்டு பேட்டைகளில் இதே வேலையில் இறங்கியவர்களுக்குத் துணையாக இருந்தேன். எல்லோரும் இடறிய இடம் ஒன்றுதான்: வரிசை. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள்.

1. தொடங்குவதற்கு முன் கையில் வேண்டியவை

உங்கள் நூலக உறுப்பினர் அட்டை. காலாவதி ஆகியிருந்தால் புதுப்பித்துக்கொள்ளுங்கள். ‘நீங்கள் இந்த நூலகத்தின் வாசகரா?’ என்பதுதான் எந்த அதிகாரியும் கேட்கும் முதல் கேள்வி. நூலகத்துக்கு நன்கொடை கட்டிப் புரவலராகச் சேர்ந்தவர் யாராவது உங்களோடு இருந்தால் இன்னும் நல்லது.

சொந்த வீட்டுக்காரர் ஒருவரின் சொத்துவரி ரசீது நகல். சென்னையில் சொத்துவரியோடு சேர்த்து மாநகராட்சி நூலக வரியையும் வசூலிக்கிறது. நூலகத்தை நடத்தும் ஆணைக்குழுவுக்கு அதுதான் முக்கிய வருமானம். வாடகைக்கு இருப்பவர்களும் வாடகை வழியாக அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மனுவோடு இந்த நகலை வைத்தால், சலுகை கேட்டு வந்தவர்களாக நம்மைப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு தடித்த நோட்டு. யாரை, எந்தத் தேதியில், எங்கே பார்த்தோம், என்ன சொன்னார்கள் என்பதை அன்றன்றே எழுத வேண்டும். கைபேசிக் குழுவில் போட்ட செய்தி ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

2. முதலில் இருப்பதைக் கணக்கெடுங்கள்

ஆட்சேபனைக் கடிதம் எழுத உட்காருவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். வேலை தொடங்கி, அலமாரிகளை ஏற்றிப் போய்விட்டால், முன்பு என்ன இருந்தது என்பதற்குச் சாட்சியே இருக்காது. எங்கள் நூலகத்தில் தரைத்தளத்தில் எத்தனை நாற்காலி இருந்தது என்று பின்னால் கேட்டபோது பத்துப் பேர் பத்து எண் சொன்னோம். அந்தக் கூட்டத்தில் எங்கள் பேச்சு அங்கேயே விழுந்தது.

நூலகரிடம் சொல்லிவிட்டுப் படம் எடுங்கள். வாசல், பெயர்ப்பலகை, கல்வெட்டு இருந்தால் கல்வெட்டு, ஒவ்வொரு அலமாரியும் நேருக்கு நேராக, நாளிதழ் மேசை, பெண்கள் உட்காரும் பக்கம், சிறுவர் பகுதி, கழிப்பறை, படிக்கட்டு. பிள்ளைகளின் முகம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புத்தகங்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். மூன்றடி நீளத் தட்டில் தமிழ்ப் புத்தகங்கள் முப்பது முதல் நாற்பது வரை நிற்கும். நான்கைந்து தட்டுகளை எண்ணிச் சராசரி எடுத்து, மொத்தத் தட்டுகளால் பெருக்கினால் போதும். சரியான எண், நூலகத்துக்கு வந்த ஒவ்வொரு நூலையும் வரிசை எண் போட்டு எழுதும் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கிறது. அதைப் பிறகு முறைப்படி கேட்போம். நம் கணக்கு எதற்கென்றால், அவர்கள் தரும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க.

ஆட்களையும் எண்ணுங்கள். ஒரு வேலை நாள், ஒரு ஞாயிறு, தேர்வாணையத் தேர்வு நெருங்கும் ஒரு நாள் என்று மூன்று நாளாவது வேண்டும். திறந்தவுடன் ஒருமுறை, முற்பகலில் ஒருமுறை, மாலை ஐந்துக்கு, மூடுவதற்கு முன் என்று நான்கு நேரம். காலையில் பேப்பர் பார்க்க வரும் பெரியவர்கள், துறைமுகத்தில் இரவுப் பணி முடித்துவிட்டு நேராக வருகிறவர்கள், வேலைக்கான தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், பள்ளி விட்டு வரும் சிறுவர்கள் என்று தனித்தனியாகக் குறியுங்கள். ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த நாற்காலிதான் படிப்பறை. ‘இங்கே யாரும் வருவதில்லை, அதனால்தான் நவீனமாக்குகிறோம்’ என்று சொல்லும்போது எடுத்து நீட்ட வேண்டிய தாள் இதுதான்.

3. மூன்று கேள்விகள்: நூலகம் யாருடையது, கட்டடம் யாருடையது, பணம் யாருடையது

புதிதாக வருகிறவர்கள் நேராக மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். சென்னையில் கிளை நூலகங்களை நடத்துவது 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி அமைந்த மாநகர நூலக ஆணைக்குழு. அதற்கு மேலே அண்ணா சாலையில் இருக்கும் பொது நூலக இயக்ககம். அதற்கும் மேலே பள்ளிக் கல்வித் துறை. மாநகராட்சி வரியை வசூலித்துக் கொடுக்கும் இடம்.

ஆனால் கட்டடமோ நிலமோ மாநகராட்சியுடையதாக இருக்கலாம், வாடகைக் கட்டடமாகவும் இருக்கலாம். புதுப்பிக்கும் பணம் மூன்றாவது ஓர் இடத்திலிருந்து வரலாம். வட சென்னை வளர்ச்சித் திட்டத்தை முன்னின்று நடத்துவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். கொளத்தூர் அகரத்தில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தைக் கட்டியதும் அந்தக் குழுமம்தான். படிக்கும் இடமும் பகிர்ந்து வேலை செய்யும் இடமும் சேர்ந்தது அது. சில இடங்களில் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியாக இருக்கும். சில இடங்களில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. அப்போது பலகையில் அந்த நிறுவனத்தின் சின்னமும் ஏறப்பார்க்கும்.

மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல் எழுதிய மனு, ‘எங்கள் அலுவலகத்துக்கு உட்பட்டதல்ல’ என்ற ஒற்றை வரியோடு திரும்பிவிடும். எங்கள் முதல் மனு அப்படித்தான் இரண்டரை மாதம் வீணாகி வந்தது.

4. தகவல் மனு போடுங்கள், ‘ஏன்’ என்று கேட்காதீர்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். பாரிமுனையில் முத்திரைத்தாள் விற்பவர்களிடம் கிடைக்கும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர் சான்று வைத்தால் கட்டணமே இல்லை. முப்பது நாளில் பதில் தர வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணத்தை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

இதில் எல்லோரும் செய்யும் தவறு, ‘நூலகத்தின் பெயரை ஏன் மாற்றுகிறீர்கள்?’ என்று கேட்பது. ஏற்கெனவே கோப்பில் இருப்பதைத்தான் இந்தச் சட்டத்தில் கேட்டுப் பெற முடியும். ‘ஏன்’ என்று கேட்டால் ‘இது தகவல் என்ற வரையறைக்குள் வராது’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்:

பெயர் மாற்றத்துக்கு ஒப்புதல் தந்த அரசாணை அல்லது ஆணைக்குழுத் தீர்மானத்தின் நகல். புதுப்பிக்கும் பணிக்கான நிர்வாக ஒப்புதல் ஆணை, திட்ட மதிப்பீடு, தளவாரியான வரைபடம். தற்போதைய சேர்க்கைப் பதிவேட்டின்படி மொத்த நூல்களின் எண்ணிக்கை. கடந்த மூன்று ஆண்டுகளில் கழிக்கப்பட்ட (இருப்பிலிருந்து நீக்கிய) நூல்களின் பட்டியல், அதற்கு அனுமதி தந்த ஆணை. பணி நடக்கும் காலத்தில் நூல்களை வைக்கும் இடம், வாசகர்களுக்கான மாற்று இடம் குறித்த ஆணை. பணி முடிந்தபின் வசூலிக்கத் திட்டமிட்ட கட்டணம் குறித்த ஆவணம். தனியார் நடத்துவதாக இருந்தால் புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் நகல்.

கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘மேற்படி கோப்புகளை நேரில் பார்வையிட அனுமதி கோருகிறேன்.’ கோப்பைப் பார்க்க முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. நகலில் வராத குறிப்புகள் பல கோப்பின் ஓரத்தில் இருக்கும். எங்களுக்கு வரைபடம் முதன்முதலில் கண்ணில் பட்டது அப்படித்தான். தரைத்தளம் முழுவதும் ‘பணியிடம்’, நூல்கள் இரண்டாம் தளத்தில். மின்தூக்கி வரைபடத்திலேயே இல்லை.

ஒரே மனுவை ஆணைக்குழுவுக்கும், பணம் தரும் அலுவலகத்துக்கும், கட்டட உரிமையாளருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். தகவல் தங்களிடம் இல்லாவிட்டால் உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாளில் மாற்றி அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனாலும் அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். முப்பது நாளில் பதில் வரவில்லை என்றால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் சரிப்படாவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம்.

தகவல் மனுவைப் போட்ட அன்றே அரசின் ஒப்பந்தப்புள்ளி இணையதளத்திலும் தேடத் தொடங்குங்கள். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் வரைபடத்தை மாற்றுவது ஒரு கடித வேலை. கையெழுத்தான பின் அது பண விவகாரம்; யாரும் தொடத் தயங்குவார்கள்.

5. ஆட்சேபனையை நான்காகப் பிரியுங்கள்

‘நவீனமயமாக்கலை எதிர்க்கிறோம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒழுகும் கூரையையும், பூட்டிக் கிடக்கும் கழிப்பறையையும் ஆதரிக்கிறோம் என்று அதைத் திருப்பிவிடுவார்கள். அது உண்மையும் இல்லை. எங்களுக்கும் மின்விசிறி வேண்டும், நல்ல விளக்கு வேண்டும், சாய்தளம் வேண்டும். எதை வரவேற்கிறோம் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். மீதியைப் பெயர், இடம், நூல், கட்டணம் என்று நான்காகப் பிரியுங்கள்.

பெயர். பலகையில் ‘நூலகம்’ என்ற சொல் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். இது வெறும் உணர்ச்சி இல்லை. அந்தச் சொல் போய்விட்டால், நாளைக்கு உள்ளே புத்தகத்தைக் குறைத்தாலும் பெயருக்கு முரணாக ஒன்றும் இருக்காது. ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதி வைப்பதாக இருந்தால், 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தைக் குறிப்பிட்டுத் தமிழ் வளர்ச்சித் துறைக்கும் நகல் அனுப்புங்கள். பழைய பெயர் ஊர்க்காரர் ஒருவர் நினைவாகவோ, இடம் கொடுத்தவர் நினைவாகவோ இருந்தால் கல்வெட்டின் படத்தை இணையுங்கள்.

இடம். எண் கொடுத்து எழுதுங்கள். ‘இப்போது தரைத்தளத்தில் 46 இருக்கைகள், வரைபடத்தில் 18’ என்பது போல. மாடிக்கு மாற்றுவதாக இருந்தால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தைச் சொல்லி, சாய்தளமும் மின்தூக்கியும் இல்லாமல் நூல்பகுதியை மேலே கொண்டுபோகக் கூடாது என்று கேளுங்கள். நாளிதழ் மேசையைத் தரைத்தளத்திலேயே விடச் சொல்லுங்கள். முழங்கால் வலியோடு வருகிற பெரியவர் மாடி ஏற வேண்டும் என்றால் ஒரு வாரத்தில் வருவதை நிறுத்திவிடுவார்.

நூல். என் பார்வையில் நான்கில் இதுதான் முக்கியம். சுவரின் நிறத்தை அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம், பெயரைக்கூட மாற்றிக்கொள்ளலாம். பழைய புத்தகம் எடைக்குப் போனால் போனதுதான். சிதைந்த நூல்களைக் கழிப்பது நூலக நடைமுறையில் உள்ளது, அதை எதிர்க்க வேண்டாம். ஆனால் புதுப்பிக்கும் சாக்கில், நாள் நெருக்கடியில், தலைப்புப் பார்க்காமல் கழிப்பதை எதிர்க்க வேண்டும். கழிக்கும் பட்டியலைப் பதினைந்து நாள் வாசலில் ஒட்டுங்கள், மறுபதிப்பு வராத நூல்களைத் தனியே எடுத்து வையுங்கள் என்று கேட்கலாம். இந்தக் கோரிக்கைக்கு எந்த அலுவலரும் எதிர்த்துப் பேசி நான் பார்க்கவில்லை.

கட்டணம். வைஃபையும் குளிரூட்டியும் உள்ள பகுதிக்கு மணிக்கணக்கில் கட்டணம் வைப்பதாக இருந்தால், கட்டணம் இல்லாத இருக்கைகள் இப்போதைய எண்ணிக்கைக்குக் குறையக் கூடாது என்ற ஒரே வரி போதும்.

6. ஆட்களைச் சேர்ப்பது

நூலகத்தில் வாசகர் வட்டம் இருந்தால் அதன் தலைவரிடம் முதலில் பேசுங்கள். வாசகர் வட்டத்தின் கடிதத்தை அலுவலகம் அக்கறையோடு எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் பத்து வாசகர்கள் போதும்.

கையெழுத்துத் தாளில் பெயர், தெரு, உறுப்பினர் எண், எத்தனை ஆண்டாக வருகிறார் என்ற நான்கு கட்டம் இருக்கட்டும். பேட்டையெல்லாம் சுற்றி எண்ணூறு கையெழுத்து வாங்கி வந்த தம்பிகளைப் பார்த்திருக்கிறேன். அதில் பாதிப் பேர் நூலகத்துக்குள் கால் வைத்ததில்லை. ஒரு பக்கத்தைப் புரட்டியதும் அதிகாரிக்குத் தெரிந்துவிடும். நூறு வாசகர்களின் கையெழுத்து அதைவிடக் கனமானது. ஒவ்வொரு தாளின் தலையிலும் கோரிக்கையைச் சுருக்கமாக அச்சிடுங்கள். வெறும் தாளில் வாங்கினால் எதற்குக் கையெழுத்துப் போட்டார்கள் என்ற கேள்வி வரும்.

நூலகரை இதற்குள் இழுக்காதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பல கிளைகளில் இருப்பவர்கள் மிகக் குறைந்த ஊதியத்தில் வேலை செய்கிறவர்கள். அவர் சொன்ன ஒரு தகவலை அவர் பெயரோடு மனுவில் எழுதி, அவரை வேறு கிளைக்கு மாற்றிய கதை எங்கள் பக்கத்திலேயே நடந்தது. அவர் சொன்னது எதுவானாலும் தகவல் மனு வழியாகத் தாளில் வாங்கி, அந்தத் தாளை மேற்கோள் காட்டுங்கள்.

7. மனு எழுதுவது

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் பத்தியில் யார் நாம், எதை வரவேற்கிறோம். அடுத்து நான்கு தலைப்பில் ஆட்சேபனைகள், ஒவ்வொன்றின் கீழும் ஓர் ஆதாரம், ஒரு கோரிக்கை. கோரிக்கை, செய்து முடிக்கக்கூடிய செயலாக இருக்க வேண்டும். ‘நூலகத்தைக் காப்பாற்றுங்கள்’ என்று எழுதினால் அலுவலகத்தில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதலாம்:

‘இணைப்பு 3இல் உள்ள வரைபடத்தின்படி கட்டணமில்லா இருக்கைகள் 46இலிருந்து 18 ஆகக் குறைகின்றன. தரைத்தளத்தின் மேற்குப் பகுதியை நாளிதழ் மற்றும் வாசிப்புப் பகுதியாகவே தொடரும் வகையில் வரைபடத்தைத் திருத்தி, திருத்திய வரைபடத்தை நூலக அறிவிப்புப் பலகையில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.’

கட்சிப் பெயர், தலைவர்கள் பெயர் எதுவும் வர வேண்டாம். புதுப் பெயர் ஒரு தலைவருடையதாக இருந்தால் இது இன்னும் முக்கியம். பேச்சு நாற்காலியிலிருந்தும் புத்தகத்திலிருந்தும் நகர்ந்து, அந்தத் தலைவரை மதிக்கிறோமா இல்லையா என்று போய்விடும். அங்கே போனால் திரும்ப முடியாது.

8. எங்கே, எந்த வரிசையில் கொடுப்பது

முதலில் நூலக ஆணைக்குழு அலுவலகம். அப்புறம் இயக்ககம், பணம் தரும் அலுவலகம், கட்டட உரிமையாளர். ஒவ்வோர் இடத்திலும் இரண்டாவது நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ‘வைத்துவிட்டுப் போங்கள்’ என்றால் வைக்காதீர்கள், அஞ்சலில் அனுப்பி ரசீதை நோட்டில் ஒட்டுங்கள்.

அதே வாரத்தில் திங்கட்கிழமை ராஜாஜி சாலையில் சிங்காரவேலர் மாளிகையில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். நமக்குக் கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி நடக்கும் தூரம்தான். அங்கே தரும் மனுவுக்கு எண் கிடைக்கும். எந்த அலுவலகத்துக்கு அனுப்பினார்கள் என்பதும் தெரியும். மனுக்களுக்கு மூன்று நாளில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் முடிவும் தர வேண்டும் என்று 2015ஆம் ஆண்டு அரசாணை எண் 99 சொல்கிறது. அந்த எண்ணை மனுவின் கடைசி வரியில் குறிப்பிடுங்கள்.

மாமன்ற உறுப்பினரையும் சட்டமன்ற உறுப்பினரையும் இதற்குப் பிறகு பாருங்கள். முன்னால் போனால் ‘நான் பேசுகிறேன்’ என்பார்கள். நாமும் நம்பி இருந்துவிடுவோம். கையில் முத்திரை வாங்கிய நகலோடு போனால், அந்த மனுவுக்கு ஆதரவாக ஒரு பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். வார்டு மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபைக் கூட்டம் கூடினால் அங்கும் எழுந்து பேசி, கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

ஆர்ப்பாட்டம் என்றால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். நான் அதைக் கடைசிக்கு வைத்திருப்பேன். நூலக வாசலில் ஒலிபெருக்கி வைத்தால் உள்ளே தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளே நம்மைக் கோபித்துக்கொள்வார்கள்.

9. பேச அழைத்தால்

மூன்று பேர் போங்கள். ஒருவர் பெண்ணாகவும் ஒருவர் தேர்வுக்குப் படிக்கும் மாணவராகவும் இருக்கட்டும். ஒருவர் பேச, ஒருவர் எழுத வேண்டும். வாய்மொழியாகத் தரும் வாக்குறுதியை அன்று மாலையே கடிதமாக்கி, ‘இன்றைய சந்திப்பில் தாங்கள் கூறியபடி’ என்று தொடங்கி அனுப்பிவிடுங்கள். மறுப்பு வரவில்லை என்றால் அதுவே ஆவணம்.

எதில் விட்டுக்கொடுக்கலாம் என்று போவதற்கு முன்பே உங்களுக்குள் பேசி முடியுங்கள். நாங்கள் வண்ணத்தையும் சின்னத்தையும் விட்டோம். இருக்கைகளையும் கழிவுப் பட்டியலையும் விடவில்லை. பெயரில் ‘நூலகம்’ என்ற சொல் திரும்ப வந்தது, கூடவே புதுப் பெயரும் இருக்கிறது.

10. வேலை நடக்கும் காலம்

பலரும் இங்கே அசந்துவிடுகிறார்கள். ஒப்புக்கொண்டதெல்லாம் காற்றில் போவது இந்த மாதங்களில்தான்.

நூல்களைக் கட்டும் நாளில் இரண்டு வாசகர்கள் உடனிருக்க அனுமதி கேளுங்கள். ஒவ்வொரு கட்டிலும் அலமாரி எண்ணும் நூல் எண்ணிக்கையும் எழுதி ஒட்ட வேண்டும். கட்டுகளைப் போய்ச் சேரும் இடத்தில் மறுபடி எண்ணுங்கள்.

எங்கே வைக்கிறார்கள் என்பதை நேரில் போய்ப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சுற்றுப்பட்டுத் தெருக்களின் நிலைமை நமக்குத் தெரியும். தரைமட்டக் கிடங்கில் சாக்குப் பையில் புத்தகம் போட்டால் ஒரே மழையில் முடிந்துவிடும். மேசைமேல் அல்லது மரச்சட்டத்தின்மேல், சுவரைத் தொடாமல், தார்ப்பாய் மூடி வைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் பணியையே ஜனவரியில் தொடங்கக் கேளுங்கள். இந்த ஒரு கோரிக்கையைப் பொறியாளர்கள் சுலபமாக ஒப்புக்கொள்வார்கள், அவர்களுக்கும் மழையில் வேலை ஓடாது.

மாற்று இடத்தில் நாளிதழும் தேர்வு நூல்களும் முதல் நாளிலிருந்தே கிடைக்க வேண்டும். இரண்டு மாதம் பழக்கம் விட்டுப்போன வாசகர் திரும்ப வருவது அரிது. அப்புறம் வருகைப் பதிவேட்டில் எண் குறையும், அதுவே அடுத்த குறைப்புக்குக் காரணமாகும்.

11. ஒன்றும் நடக்காவிட்டால்

உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனு போடலாம். திட்டம் நல்லதா கெட்டதா என்பதற்குள் நீதிமன்றம் எளிதில் போகாது. ஆனால் முத்திரை வாங்கிய மனு இருந்து, அதற்குப் பதில் வராமல் இருந்தால், அதைக் குறிப்பிட்ட காலத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்கச் சொல்லி உத்தரவு பெற வாய்ப்பு உண்டு. எட்டாம் படியில் முத்திரை, முத்திரை என்று சொன்னது இதற்காகத்தான். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்களுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். மனுதாரரைத் தேர்ந்தெடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

12. திறப்பு விழாவுக்கு மறுநாள்

இரண்டாம் படியில் எடுத்த படங்களோடும் கணக்கோடும் உள்ளே போங்கள். அதே இடங்களில் நின்று மறுபடி படம் எடுங்கள், நாற்காலிகளை எண்ணுங்கள், தட்டுகளை எண்ணுங்கள். ஒரு மாதம் கழித்து அதே நான்கு நேரங்களில் ஆட்களையும் எண்ணுங்கள். குறைந்திருந்தால் இரண்டு கணக்கையும் அருகருகே வைத்து அடுத்த மனு. எங்கள் நூலகத்தில் திறந்த அன்று நாளிதழ் மேசை இல்லை. பழைய படத்தைக் காட்டினோம். ஒன்பதாம் நாள் மேசை வந்தது.